வெள்ளிக்கிழமைப் பிறந்தநாள்

என் கணவருக்கு ஒரே வருஷத்தில் நாலு பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறேன். சவூதியில் ஜித்தா நகரில், ஷரஃபியா கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஃப்ளாட்டில், வெள்ளிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் செபமாலை சொல்லக் கூடுவோம். அங்கே மாதா கோவில் கிடையாது, கூடிச் செபிக்கவும் தடை. யாராவது கதவைத் தட்டினால் காட்டுவதற்கு மேஜையில் ஒரு கேக் இருக்கும். வீட்டுக்குள் செபித்தால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று பலரும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. வேலையும் விசாவும் போனால் சொன்னவர்களா வந்து நிற்கப் போகிறார்கள்?

அதனால் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். லிஃப்டில் சிரிப்பவர் மேல் சந்தேகம், சிரிக்காதவர் மேல் அதைவிடச் சந்தேகம். வாட்ச்மேன் பாய் ஒருநாள், வாரா வாரம் பர்த்டேயா என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். அடுத்த இரண்டு வாரம் கூட்டம் மாஃபி, அந்த ஊர் அரபியில் 'இல்லை'.

அப்போதுதான் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு அவள் வந்தாள். புது நர்ஸ், ஊரில் எங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரி. மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எக்கா, வெள்ளிக்கிழம நீங்க எங்கயோ கூடுவியளாமே?"

டிராலியைப் பிடித்து நிறுத்தினேன். "ஆரு சொன்னா?"

"கேள்விப்பட்டேன்."

யாரிடம் என்று சொல்லாதவளை எப்படி நம்புவது? "உனக்கு எதுக்கு அது?"

"எங்க அம்ம போன வாரம் மரிச்சுப் போச்சு. லீவு கெடைக்கல. அடக்கத்த போன்லதான் பாத்தேன்."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். எந்தப் பங்குக் கோவில், திருவிழா எந்த மாதம், சாவு வீட்டில் எத்தனை நாள் செபமாலை என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. இவ்வளவு சரியாகச் சொல்கிறாளே, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் என் புத்தி போனது.

"அப்படி எதுவும் இங்க கெடையாது. டூட்டியப் பாரு," என்றேன்.

அன்றே மற்றவர்களுக்கும் போன் போட்டு, அவள் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து, படுக்கை விரிப்பு எடுக்க லினன் ரூமுக்குப் போனேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். செபமாலையில் ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியைக் கூடியிருப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும், சாவு என்றால் மறுபாதி சொல்ல ஆள் போய்விடும். அவள் முதல் பாதியை முணுமுணுத்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு மறுபாதியையும் தானே சொன்னாள்.

நான் சேர்ந்து சொல்லியிருக்கலாம். இரண்டு வரிதான். ஆனால் நான் வருவது தெரிந்துதான் சொல்கிறாளோ என்று அப்போதும் தோன்றியது. விரிப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பதினொரு வருஷம் அந்த ஊரில் இருந்தேன். என் வேதத்தைப் பற்றி எந்தப் போலீஸ்காரரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளிடம் அத்தனை கேள்வியும் கேட்டவள் நான்தான்.