நிறைய தண்ணீர் குடியுங்கள்

பல வருடம் நர்ஸாக இருந்த ஒருத்தி, நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்து சொல்வதற்கான மேற்படிப்பில் சேர்ந்திருந்தாள். பயிற்சிக்கு அவிநாசிப் பக்கமுள்ள எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு டாக்டரான என் தலையில் விழுந்தது. வாசல்வரை கூட்டம் நிற்கும்போது இது வேறா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கெட்டிக்காரி, குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

அவளிடம் வந்த ஒருத்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், பனியன் கம்பெனியில் டெய்லர். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கி உண்டான குழந்தை வயிற்றில். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றாள். மாணவி பரிசோதித்துச் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தாள்.

"நெறையத் தண்ணி குடிக்கோணுங்க அக்கா. அடக்கி வெக்கக் கூடாதுங்க."

நானும் தலையாட்டினேன். குணமாகிப் போனவள் அடுத்த மாதமே அதே எரிச்சலோடு வந்தாள். தண்ணீர் குடித்தாயா என்றால், குடித்தேன் என்றாள். மறுபடியும் மாத்திரை.

மூன்றாம் முறை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். உடம்பு நடுங்கிக் கொதித்தது. நோய் சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. கூட வந்த தோழியிடம் மாணவி சீறினாள்.

"தண்ணி குடிக்கச் சொல்லித்தானுங்க அனுப்புனேன்?"

"எப்படிம்மா குடிப்பா? குடிச்சா பாத்ரூம் போகணும்லா. லைன்ல ஒருத்தி எந்திரிச்சா அவகிட்ட தைக்க வேண்டிய பீஸ் குமிஞ்சிரும், அடுத்தவளுக்கு வேலை நின்னுரும். சூப்பர்வைசர் ஏசுவாரு. சாயங்காலம்வரை நாங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. மாணவி அன்று சாப்பிடவில்லை.

நானே கம்பெனிக்குப் போன் போட்டேன். "பாத்ரூம் போறத யாருங்க வேண்டாங்கறாங்க?" என்று மேனேஜர் மரியாதையாகவே கேட்டார். அதுவும் உண்மைதான்.

சில வாரம் கழித்து வேறொரு இளம்பெண் மாணவியின் முன்னால் உட்கார்ந்தாள். அதே எரிச்சல். எந்தக் கம்பெனி என்று மாணவி கேட்டாள்.

"அந்தக் கொழந்த போன அக்கா ஊருக்குப் போயிட்டாங்கல்லங்க? அவங்க மிஷின்ல இப்ப நான்தானுங்க."

மாணவி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.