எங்கள் வெற்றியையே சந்தேகித்த மருதமுத்து சேர்

மருதமுத்து சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. நான் நம்பவில்லை. யாரோ அனுப்பியதை வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். பெயரில்கூட எழுத்துப் பிழை இருந்தது. அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். மகள் கயல்விழி எடுத்தாள். "ஆமாங்க மிஸ், உண்மைதான்" என்றாள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தெஹியோவிட்டைக்கு அருகே ஓர் இறப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். சேதன இரசாயனவியல் படித்து, எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவருக்குப் பின் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்த நான், ருவான்வெல்லை பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். துறையில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அதனால் உடனே நெருங்கிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். முதல் வருடம் முழுவதும் என்னை ஓரக்கண்ணால்தான் பார்த்தார். காரணம் கேட்டபோது, "ஆளப் புடிக்காம இல்லீங்க மிஸ். நீங்க தராசுல நிறுக்குறத நான் இன்னும் பாக்கல" என்றார்.

அவருடைய ஆய்வு சிலேன்களைப் பற்றியது. சிலிக்கனுடன் ஐதரசன் பிணைந்த சேர்வைகள் அவை. அந்த ஐதரசனை வேறொரு மூலக்கூறுக்குக் கொடுக்கும்; இதைத்தான் தாழ்த்துதல் என்போம். தண்ணீர் பட்டதும் தீப்பற்றும் சில தாழ்த்தும் பொருட்களோடு ஒப்பிட்டால் இவை சாதுவானவை. அவரோ அதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். "சாதுன்னு சொல்றாங்க. கொஞ்சம் பலேடியம் பக்கத்துல வந்தா தெரியும் அதோட கொணம்" என்பார்.

யுத்த காலத்தில், ஆய்வு மாணவராக இருந்தபோது, கொழும்பிலிருந்து ஒரு சிறிய போத்தல் சிலேனைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். அவிசாவளைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்; பையில் இரசாயனம். "மேக்கே மொனவாத?" என்று, உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டார்கள். அவர் நல்ல சிங்களத்தில் விளக்க விளக்க, அவர்களுடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தார்கள். பேராசிரியர் தொலைபேசியில் பேசிய பிறகு மாலையில் விட்டார்கள். அவர் ஆய்வுகூடத்துக்கு வந்து செய்த முதல் வேலை, அந்தச் சிலேனை மறுபடி வடித்துத் தூய்மையாக்கியது.

"தொறந்து காத்துல வச்ச போத்தல். இனிமே அத நானும் நம்ப ஏலாது" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பகல் முழுவதும் அங்கே எப்படி நடத்தப்பட்டார் என்பதை மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மாணவி நிரோஷாவும் கலவானையில் வாங்கிய கறுவாப்பட்டை எண்ணெயிலிருந்து பிரித்த சேர்வையைச் சிலேனால் தாழ்த்தினோம். இதற்கு வழக்கமாகப் பலேடியம் என்ற உலோகம் ஊக்கியாக வேண்டும்; விலையோ யானை விலை. எங்கள் குடுவையில் அது இல்லாமலே இரசாயனத் தாக்கம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் நடந்தது. ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டோம். கொழும்பு நிறுவனமொன்று விசாரித்தது. நிரோஷாவின் பட்டமும் என் பதவி உயர்வும் அந்த முடிவில் தங்கியிருந்தன.

சேர் வந்து குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நடக்கக் கூடாதுங்க மிஸ். நடக்குதுன்னா, உள்ள யாரோ இருக்காங்க."

கரைப்பானைச் சோதித்தார், நாங்கள் சேர்த்த உப்பைச் சோதித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக, குடுவைக்குள் சுழன்று திரவத்தைக் கலக்கும் காந்தத் துண்டை எடுத்தார். அதன் வெள்ளை உறை பழகிப்போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. புதியதொன்றைப் போட்டு அவரே செய்தார். ஒன்றுமே நடக்கவில்லை.

தேநீர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது. கட்டுரையில் அவர் பெயர் இல்லை, பொறாமையில் எதையோ கலந்து கெடுத்துவிட்டார் என்றார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆய்வுகூடச் சாவியை வாங்கி, அவர் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக இரண்டு குடுவைகளை வைத்தேன். ஒன்றில் பழைய துண்டு, மற்றதில் புதியது. மற்றதெல்லாம் ஒரே அளவு. பழைய துண்டு சுழன்ற குடுவையில் குமிழிகள் எழுந்தன. மற்றது தெளிந்த தண்ணீர்போலச் சும்மா இருந்தது. முன்பு யாரோ செய்த சோதனைகளின் பலேடியம் அந்த உறையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்திருக்கிறது.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "உங்களை நம்பாமல்தான் செய்தேன் சேர்."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. "அதுதாங்க சரி. நான் சொன்னேன்னு நம்பியிருந்தீங்கன்னா வருத்தப்பட்டிருப்பேன்" என்றார். அன்று தன் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நிறுவனம் போய்விட்டது, என் பதவி உயர்வும் தள்ளிப்போனது. அழுதுகொண்டிருந்த நிரோஷாவிடம், "அந்தக் காந்தத் துண்டையே ஆய்வு செய் மகளே" என்று சிங்களத்தில் சொன்னார். அதுவே அவளுக்குப் பட்டம் வாங்கித் தந்தது.

கடந்த வருடம் அவருக்கு வயிற்று வலி வந்தது. முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தபோது அவர் மட்டும் வேறிடத்தில் மறுபடி சோதிக்கப் போனார். முடிவு வந்த அன்று என்னை அழைத்தார்.

"இந்த ஒரு தடவ என் சந்தேகம் பிழையா போயிருந்தா நல்லா இருந்திருக்குங்க மிஸ்."



இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு முற்றத்தில் கூரையாகப் படங்குத் துணி கட்டியிருந்தார்கள், மழை விடவில்லை. நிரோஷா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெட்டியை மூட ஆட்கள் குனிந்தபோது அவருடைய மனைவி செல்வராணி அக்கா எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்."

விரலை அவர் மூக்கருகே வைத்தார். யாரும் தடுக்கவில்லை. படங்கில் மழை விழும் சத்தத்தில் நாங்கள் எல்லோரும், நானும்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா அவசரப்படவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "சரிங்க. மூடுங்க" என்றார்.

சென்று வாருங்கள், சேர். இனி நாங்கள் சரிபார்த்துக்கொள்கிறோம்.