கருவாட்டுப் பாயில் காய்ந்த மண்

கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குக் குடிவந்தவன் நான். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். மனைவி கண்ணை மூடிய பிறகு எல்லாம் வெளிநாட்டிலுள்ள மகளுடையது. நான் மட்டும் மிச்சம்.

போன வருடம் மகள் போனில் கேட்டாள்: "அப்பா, வாவிக்கரை வயல் இன்னும் விளையிற மண்தானா? நல்லமெண்டா நாங்க வந்திருவம். உவர் ஏறிட்டுதெண்டா வித்திருவம்."

விவசாயம் படிப்பித்துப் பென்சன் எடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் 'வந்திருவம்' என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. அடுத்த நாளே மண்வெட்டியோடு வயல்வட்டைக்குள் இறங்கினேன்.

வரப்போரத்தையும் எருக் குவித்த இடத்தையும் விட்டு, வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் மேல்மண் எடுத்தேன். ஒரு மூலை மண் முழு வயலுக்கும் சாட்சி சொல்லாது. எல்லாவற்றையும் கலந்துதான் பார்க்க வேண்டும். கொஞ்சத்தை நனைத்து விரலிடையில் உருட்டினேன். மணல் நறநறக்கும், அடையல் என்கிற வண்டல் மாவைப்போல வழுக்கும், களி திரியாக நீளும். எங்கள் மண் நீண்டு, பிறகு உடைந்தது. களி கலந்த இருவாட்டி மண். "தண்ணியையும் பிடிக்கும், வேருக்குக் காத்தும் விடும்" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க ஆளில்லை. நின்ற கொக்கும் பறந்துவிட்டது.

வீட்டில் கிடந்த பாயொன்றில் பரப்பி நிழலில் காயவைத்து, இடித்து, அரித்து ஆய்கூடத்துக்கு அனுப்பினேன். உவர் மிக அதிகம் என்று முடிவு வந்தது. மகளிடம் சொன்னேன். "ம்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்து அயல்வீட்டுப் பூனை அந்தப் பாயை நக்கிக்கொண்டு கிடந்தது. மோந்து பார்த்தேன். கருவாடு! மனைவி உப்பிட்ட மீன் காயவைத்துவந்த பாய் அது. ஈர மண் உப்பை உறிஞ்சியிருக்கிறது. எந்தப் பாய் எதற்கென்று அவளுக்குத்தான் தெரியும். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உப்புப் பட்ட பையில் மண் அள்ளாதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தினவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

திரும்பவும் மண் எடுத்து, சுத்தமான கடதாசியில் காயவைத்து அனுப்பினேன். இந்த முறை உவர் இல்லை. விசர் பிடித்தவன்போல வீட்டுக்குள் நடந்தேன். மாமரத்தடி அறையை மகளுக்கு ஒதுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டுத்தான் போன் எடுத்தேன்.

"புள்ள, மண் நல்லம். பாய்தான் உப்பு."

"அப்பா, உவரெண்டு நீங்க சொன்ன அண்டைக்குத்தான் எனக்கு நிம்மதியா நித்திரை வந்தது" என்றாள். "இஞ்ச புள்ளைகள்ட படிப்பிருக்கு. வரமாட்டமெண்டு உங்களிட்டச் சொல்ல வாய் வரல்ல."

அழுகிறாள் என்று தெரிந்தது.

"அப்ப உவரெண்டே வெச்சிக்க, புள்ள" என்றேன். "வித்திரு."