முகம் கேட்ட செல்போன்

ஷரீபுன்னிசாவுக்கு வாய்தான் முதல், துணி மூட்டையெல்லாம் அப்புறம். காரைக்காலில் வாசல் கதவு சாத்தியே இருக்கும் வீடுகளுக்குள் நைட்டியும் சுடிதார் துணியும் கொண்டுபோய் விற்பவள் அவள். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் மாமியாரையும் மருமகளையும் சமாதானம் பண்ணிவைத்து, நடுவில் இரண்டு நைட்டியையும் தள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கரண்ட் ஆபீசுக்கோ தாலுகா ஆபீசுக்கோ போகவேண்டுமென்றால் தெருப் பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளும் அப்படித்தான் பிழைத்தாள்.

வீட்டில் இருந்தபடியே செல்போனில் டாக்டரிடம் காட்டிக்கொள்ளும் திட்டம் ஒன்று வந்தது. அதைச் செய்வதற்கு முன்பே ஊர்ப் பெண்களைக் கூட்டிவைத்துக் கேட்கப்போகிறார்கள் என்றதும், அந்தப் பக்கத்து நர்ஸம்மா உமாமகேஸ்வரி நேரே ஷரீபுன்னிசாவைத் தேடித்தான் வந்தாள். முஸ்லிம் பெண்கள் சார்பில் பேச அவளை விட்டால் ஆள் யார்?

திட்டத்தை வடிவமைக்க வந்தவள் விஷ்ணுப்ரியா. நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படித்தவர்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வோம். அவள் நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள், கேட்டாள், கேட்டபடி மாற்றவும் மாற்றினாள். வீட்டில் இருக்கும் ஒரே பெரிய போனும் புருஷனோடு கடலுக்குப் போய்விடும் என்றாள் பட்டினச்சேரியில் மீன் விற்கும் அல்லி. அப்படியானால் நர்ஸம்மாவே போன் கொண்டுவரட்டும் என்று முடிவானது. நடவு நாளில் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவோம் என்றாள் விழிதியூரில் வயல்வேலை செய்யும் சௌந்தரவல்லி. டாக்டர் சாயங்காலமும் இருப்பார் என்றானது.

ஒரே போன் எல்லோருக்கும் பொது என்றால் ஒருத்தியின் வியாதி இன்னொருத்தி கணக்கில் ஏறிவிடுமே? அதற்கும் வழி வைத்திருந்தாள் விஷ்ணுப்ரியா. முதல் தடவை முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் முகத்தைக் காட்டினால்தான் டாக்டர் திரையில் வருவார்.

அப்போதுதான் சௌந்தரவல்லி கேட்டாள். அவள் மனதில் சூதுவாது இல்லை. "பாயம்மா, உங்க வூட்டுப் பொம்பளைங்க ஆம்பள டாக்டருக்கு முகத்தக் காட்டுவாங்களா?"

கூட்டம் மொத்தமும் ஷரீபுன்னிசாவைப் பார்த்தது. இத்தா இருக்கும் பெண்கள் அவள் நினைவுக்கு வராமலில்லை. புருஷன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருப்பவர்கள். அதைச் சொல்லப்போனால் ஏன், எதற்கு என்று விளக்கவேண்டும். அடடா, இப்படியா அடைத்துவைக்கிறீர்கள் என்று ஒரு பார்வை வரும். மூட்டை தூக்கிப் போகிற இடமெல்லாம் அவளுக்கு அந்தப் பார்வை பழக்கம். இன்றைக்கு ஒருநாள் அது வேண்டாம் என்றிருந்தது.

"எங்க பொண்ணுங்க தினமும் துபாய்க்கே முகங்காட்டிப் பேசுறாங்க. எங்களுக்கு ஒரு தடையும் கெடையாதும்மா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். விஷ்ணுப்ரியாவும் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனாள். ஷரீபுன்னிசாவுக்கு அன்றைக்குத் தலை நிமிர்ந்திருந்தது உண்மை.

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். இங்கே கெட்டது வேறொருத்தியின் கால்.

ஷரீபுன்னிசாவின் அக்கா மஹ்பூபாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. திட்டம் வந்ததும் முதல் ஆளாக முகத்தைப் பதிந்தவளும் அவள்தான், தங்கை சொல்லைத் தட்டுவாளா? மழை முடிந்த சமயத்தில் அவள் புருஷன் திடீரென்று மௌத்தானார். மஹ்பூபா இத்தாவில் உட்கார்ந்தாள். உள்ளறையில் கட்டில் முனையில் இடித்துக்கொண்ட கால்விரல் புண்ணாகி, நீர் கட்டியது.

உமாமகேஸ்வரி போனைக் கொண்டுவந்தாள். காலைக் காட்ட மஹ்பூபாவுக்கு ஆட்சேபணை இல்லை. போனுக்குக் கால் வேண்டாம், முகம்தான் வேண்டும். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாட்டேன் என்றாள். ஷரீபுன்னிசா ஓடிவந்து கெஞ்சினாள், ஏசினாள், கடைசியில் போனைப் பிடுங்கித் தன் முகத்தை நீட்டினாள். கூடப்பிறந்தவர்கள், ஒரே ஜாடை, ஏமாந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. வேறு நபர் என்று சொல்லிவிட்டு அது மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்காவது வா என்று உமாமகேஸ்வரி தினமும் வந்து மன்றாடினாள். இத்தா முடியட்டும் என்றாள் மஹ்பூபா. வைத்தியத்துக்கென்றால் போகலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதே தப்பாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். கருப்பு ஏறி, குளிர்ஜுரம் கண்டு, நினைவு தப்பியபோதுதான் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வைத்தியத்துக்கு முகம் காட்டலாம், வெளியே போகவும் போகலாம், மார்க்கத்தில் தடையே இல்லையே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வருத்தப்பட்டார். எல்லாம் ஆனபிறகு வருகிற பதில் யாருக்கு என்ன செய்யும்.

விஷயம் தெரிந்து விஷ்ணுப்ரியா மஹ்பூபாவைப் பார்க்க வந்தாள். முகத்துக்குப் பதில் ரேஷன் அட்டை எண்ணைப் போட்டாலும் டாக்டர் வருகிற மாதிரி மாற்றிவிட்டதாகச் சொன்னாள். சின்ன வேலைதானாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் முதலிலேயே அப்படிச் செய்திருப்போம் என்றாள்.

மஹ்பூபா சுவரில் சாய்ந்தபடி அவளைப் பார்த்தாள். "எப்புடிம்மா தெரியாமப் போவும்? எங்க ஷரீபுதான் கூட்டத்துல இருந்தாளே. அவ இத்தாவப் பத்திச் சொல்லாம இருந்திருக்க மாட்டா. நீங்கதான் காதுல வாங்கியிருக்க மாட்டீங்க."

விஷ்ணுப்ரியா திரும்பி ஷரீபுன்னிசாவைப் பார்த்தாள். ஷரீபுன்னிசா கையில் டீ கிளாசோடு நின்றாள்.

"ஆமாங்கம்மா. நாங்கதான் சரியா கேக்கல" என்றாள் விஷ்ணுப்ரியா.

நான் சொல்லலை லாத்தா. அக்காவிடம் இந்த மூன்று வார்த்தை போதும். எத்தனை வீட்டில் எத்தனை பேச்சுப் பேசிய வாய். அதற்கு இது வரவில்லை.

இன்றைக்கும் வரவில்லை. காலையில் மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்க் குளிக்கவைத்து, துணி மாற்றி, சோறும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் ஷரீபுன்னிசா வியாபாரத்துக்குக் கிளம்புகிறாள். இப்போது எங்கே கூட்டம் போட்டாலும் போகிறாள், இத்தா என்றால் என்ன, யார் எப்போது முகம் காட்டமாட்டார்கள் என்பதையெல்லாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லவேண்டிய ஒரு ஆளிடம் மட்டும் பாக்கி.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மஹ்பூபா அதையேதான் சொல்கிறாள். "எந்தங்கச்சி அன்னைக்கே எல்லாருக்கும் முன்னாடி எடுத்துச் சொன்னா. அவங்கதான் கேக்கல."

ஷரீபுன்னிசா தட்டோடு வந்து நிற்கிறாள். டீ ஆறுது, குடிங்க என்கிறாள்.