சாத்தாங்காட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம்

புற்றுநோய்த் தடுப்பு வேலையில் ஒரு சங்கடம் உண்டு: நாம் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? மீட்டிங்கில் நல்ல யோசனையைச் சொல்லிவிட்டு, எல்லோரும் சமோசா சாப்பிடுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். திருவொற்றியூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை.

பேரணியா, டார்ச்சா?

இயக்குநர் பேரணி, பலூன், நடிகர் என்று ஆசைப்பட்டார். நானோ, வேறு ஊர்களில் செய்து பார்த்து, ஆட்கள் பிழைத்தார்களா என்று வருஷக்கணக்கில் கவனித்த திட்டங்களைத் தேடிப் படித்தேன். புகையிலை போடுகிறவர்களைத் தேடிப்போய், டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது. சந்தேகமானவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை விடாமல் துரத்துவது. அதில் உயிர்கள் பிழைத்திருந்தன. நம்ம ஏரியாவுக்கு இதுதான் என்றேன். இயக்குநர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா. ஆனா போட்டோல அவங்க வாய்தானே தெரியும், என் மூஞ்சி தெரியாதே?"

டீ நேரம்

அந்த ஊர்களில் வீடு வீடாகப் போனார்கள். இங்கே பகலில் ஆண்கள் வீட்டில் ஏது? பார்க்கும் முறையைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றினோம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லோடு ஏற்றுபவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் போய் நின்றோம். யாரும் கிட்டே வரவில்லை. மாவா என்கிற புகையிலைப் பாக்கை மெல்லும் லோடுக்காரர் ஏழுமலைதான், கூட்டத்தைச் சிரிக்க வைக்க வந்து உட்கார்ந்தார். எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா, ராயபுரத்துக்காரி, டார்ச் அடித்தாள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

"வலிக்கவே இல்லியேம்மா. வலிக்காததுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

கதவைத் தட்டி

அவர் போகவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றார் இயக்குநர். துரத்துவதை வெட்டினால் திட்டமே இல்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். போன் செய்தோம், எடுக்கவில்லை. நானும் ஸ்டெல்லாவும் வீட்டுக்கே போனோம். அவர் மனைவி லட்சுமிக்கு எதுவும் தெரியாது. சொல்ல வேண்டியது அவர்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். தலையைக் குனிந்துகொண்டு அவரே சொன்னார். லட்சுமி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"காலைல நானே இஸ்துகினு வரேன். நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க மேடம்."

மறுபடி மார்க்கெட்டில்

சோதனையில் புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். சின்ன ஆபரேஷனோடு முடிந்தது. மாவாவையும் விட்டார். நாங்கள் மறுபடி மார்க்கெட்டுக்குப் போனபோது, ஆட்களை வரிசையில் நிற்க வைத்ததே ஏழுமலைதான். நழுவப் பார்த்த கூட்டாளியின் தோளைப் பிடித்து அவர் அதட்டினார்.

"வாயத் தொற மாமு! வலிக்கிற வரைக்கும் குந்திகினு இருந்தா பேஜாராய்டும்."

அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதற்கே சம்பளம் வாங்குபவர்கள் இந்தப் பக்கத்தில் நானும் ஸ்டெல்லாவும்தான் என்று, கொஞ்சம் கர்வமாகவே சொல்லிக்கொள்கிறேன்.