கார்த்திகைக் கூட்டமும் கம்பத்து லைட்டும்

இந்த வருடம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என் படத்தில் விழவில்லை. வெள்ளையாக ஒரு பூச்சு, நடுவே மூன்று புள்ளி. அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. ஒவ்வொரு கார்த்திகை மாதமும் மொட்டை மாடியின் அதே மூலையில் கேமராவை நிறுத்தி, கிழக்கே ஏறி வரும் அந்தக் கூட்டத்தைப் படம் எடுப்பேன். தீபத்தன்று எடுப்பதில்லை. அன்று முழு நிலா அதன் பக்கத்திலேயே நிற்கும், ஒன்றும் பதியாது. அது தெரியாமல் முதல் வருடம் தீபத்தன்றே மாடி ஏறி முட்டாளானேன். அதன் பிறகு அமாவாசையை ஒட்டித்தான். படங்களை வரிசையாக வைத்தால் வானம் வெளுத்துக்கொண்டே வருவது தெரியும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டுவேன்.

இந்த முறை திட்ட ஆள் கிடைத்தது. சந்து முனைக் கம்பத்தில் புதிதாக எல்.இ.டி. லைட் மாட்டியிருந்தார்கள். சரியாக என் மாடி உயரம். கண்ணுக்கு நேரே அடிக்கிறது. அதைச் சரிபார்க்க வந்த லைன்மேனைப் பிடித்தேன்.

"எந்த அறிவாளிங்க இத இங்க வைக்கச் சொன்னது?"

அவர் சிரித்தார். "உங்க வீட்டு மேடம்தான் சார். எத்தன தடவ ஆபீசுக்கு வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. என் மனைவி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலை டூட்டி முடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, இந்தச் சந்தில் நடந்து வருகிறவள். அவளிடமே கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சண்டைக்கு நிப்பீங்க." அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "சாக்கடை மேல ஒடஞ்ச சிலாப்புல கால விட்டு விழுந்தேனே. தைலம் தேச்சுவிட்டு, எங்க பாத்துக்கிட்டு நடந்தேன்னு கேட்டீங்க. எங்கயும் பாக்கலைங்க. ஒண்ணும் தெரியல, விழுந்தேன்."

"அப்ப சிலாப்ப மாத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"அதையுந்தான் கேட்டேன். லைட்டுதான் வந்துச்சு."

சண்டை போடத் தயாராக வந்தவன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அவளே சொன்னாள். "எனக்கு லீவு அன்னைக்கு அரை மணி நேரம் லைட்ட அணைச்சுத் தரச் சொல்லி லைன்மேன்கிட்ட கேட்டிருக்கேன். எடுத்துக்கோங்க." இது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவளுடைய லீவு நாளில் மேகம் விலகியிருந்தது. இருட்டியதும் லைட் அணைந்தது. "கரண்ட் போச்சா?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல். "எங்க வீட்ல இருக்கே" என்று இன்னொரு வீட்டிலிருந்து பதில். நான் எடுத்தேன். திரையில் பார்த்தேன். ஐந்து புள்ளி. தெற்கே திருச்சி மொத்தமும் வானத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. கோபுர விளக்குகள் ஒரு பக்கம், புது அடுக்குமாடிகள் ஒரு பக்கம். இத்தனை நாள் நான் குதித்தது இரண்டு புள்ளிக்காகவா? அல்லது அந்த இரண்டும் பெரிய விஷயம்தானா? புரியவில்லை.

அப்போது கீழே செருப்புச் சத்தம். எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண் போனில் பேசிக்கொண்டே நேராகச் சிலாப்பை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, அங்கயே நில்லு" என்று மாடியிலிருந்து கத்தினேன். அவள் நின்றாள். நான் கீழே இறங்கி ஓடுவதற்குள் என் மனைவி டார்ச்சோடு சிலாப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏன் அங்கிள், லைட்டு என்னாச்சு?" என்றாள் அந்தப் பெண்.

லைன்மேனுக்குப் போன் செய்து உடனே போடச் சொன்னேன். "இன்னும் டைம் இருக்கே சார்" என்றார். போடுங்க என்றேன்.

"படம் வந்துச்சா?" என்று மனைவி கேட்டாள்.

வந்தது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அடுத்த கார்த்திகைக்கு அணைக்கச் சொல்வேனா என்பதும் தெரியவில்லை. சிலாப் மட்டும் இன்னும் உடைந்தபடியே கிடக்கிறது. இப்போது பளிச்சென்று தெரிகிறது.