ஊமத்தை இறங்கிய வயிறு

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த வருடம். காஜா பெராங்கில் நான் டாக்டருக்கு உதவியாக, டிரஸ்ஸராக வேலை பார்க்கும் கிளினிக்குக்கு என் மகள் செல்வியையே தூக்கிக்கொண்டு ஓடினேன். தோல் காய்ந்து கொதித்தது. கண்மணிகள் விரிந்திருந்தன. இல்லாத நூலைக் காற்றில் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மனைவி ராஜத்திடம், "பிள்ளை, என்ன குடுத்தனீங்கள்?" என்றார்.

"ஊமத்தைங்க டாக்டர். எளைப்புக்கு."

செல்விக்கு இளைப்பு உண்டு. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் ஒருவர் காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிக் கொடுப்பார். பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் மூச்சு தணியும். புகைக்க மட்டும் என்பதை, "ஹிசாப் சாஜா" என்று மலாயில் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அன்று சுருட்டு தீர்ந்திருந்தது. வேலியோரச் செடியில் இலையும் காயும் பறித்து ராஜம் கஷாயம் வைத்துவிட்டாள்.

"பொகையா வுட்டா பாதி வெளிய போயிருதுங்களே. குடிச்சா முழுசா சேரும்னு நெனச்சேன்."

"முழுசாத்தான் சேந்திருக்கு" என்றார் டாக்டர்.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம். இலைத் துணுக்குகளும் சில விதைகளும் வந்தன. பிதற்றல் மெல்ல அடங்கியது. "அம்மா" என்றாள் செல்வி. ராஜம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சாமி காப்பாத்திருச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

நானும் எழுந்தேன்.

"இரும்" என்றார் டாக்டர். "வயித்தைக் கேட்டுப் பாத்தனீரோ?"

ஸ்டெதஸ்கோப்பைத் தொப்புளருகே வைத்தேன். சும்மா இருக்கும் குடல்கூட எதையாவது முணுமுணுக்கும். இது கல்லாகக் கிடந்தது.

"குடல் ஓடேல்லை. ஊமத்தை குடலைக் கட்டிப் போடும். கழுவேக்க அகப்படாத விதை உள்ளுக்க கிடந்து ஊறுது. இன்னும் ரத்தத்தில ஏறும். வீட்டை விடேலாது."

"டிரஸ்ஸர்னு பேருதான். வாயத் தொறந்து பேசுங்களேன்!" என்று ராஜம் என்மேல் பாய்ந்தாள். நான் கட்டிலருகே திரும்ப உட்கார்ந்தேன்.

மத்தியானம் விஷம் மறுபடி ஏறியது. கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தவளை நானும் ராஜமும் தோளைப் பிடித்து அழுத்தினோம். எனிமா கொடுத்தோம். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். நாடி என் விரலுக்கடியில் எண்ண முடியாமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் வயிற்றைக் கேட்டேன். ஒரு சத்தமுமில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு, எங்கோ ஆழத்தில் ஒரு சொட்டு. பின்னாலேயே நீளமாக ஒரு கடமுடா. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி ராஜத்தின் காதில் மாட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூசுதுப்பா" என்றாள் செல்வி.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பச்சிலை வைத்தியம் செய்துகொண்டு வருபவரிடம் என்ன இலை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படி உள்ளே போனது என்றும் கேளுங்கள். நெஞ்சுக்குள் போன புகை சீக்கிரம் வேலையை முடித்துவிடும். குடல் வைத்திருந்து கொடுக்கும். ஆள் தெளிந்தாலும் வயிற்றைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

செல்வி இப்போது பள்ளிக்கூடம் போய்வருகிறாள். பசியில் அவள் வயிறு இரைந்தால் ராஜம் சோறு போட ஓடுகிறாள். நான் அந்தச் சத்தம் ஓயும்வரை அசையாமல் நிற்கிறேன்.